இஸ்திரி வண்டியும் ஜமைக்காவும்

வழக்கமாக இந்தப் பக்கத்தில் மாதக் கடைசி, மானேஜர், மாமியார் என்ற மூன்று 'மா'க்களைப் பற்றித்தான் புலம்புவேன். இந்த வாரம் ஒரு மாறுதலுக்குக் குழந்தை வளர்ப்பு. உடனே பிரம்மச்சாரி வாசகர்கள், "நமக்கு இன்னும் பொண்ணே பார்க்கலை, நமக்கெதுக்கு?" என்று சினிமாப் பக்கத்துக்குத் தாவிவிடும் அபாயம் இருக்கிறது. அவர்களுக்காக சட்டையிலிருந்து ஆரம்பிக்கிறேன். சட்டை எல்லோருக்கும் உண்டு.

எங்கள் தெருமுனையில் ஒரு புங்கமரம். அதனடியில் இஸ்திரி வண்டி. புருஷன் பெட்டி பிடிப்பார். மனைவி மாடி மாடியாக ஏறித் துணி வாங்கி வந்து, தண்ணீர் தெளித்து, மடித்து, மறுபடி மாடி மாடியாக ஏறிக் கொடுத்துவிட்டு வருவார். காலை ஏழு மணிக்கே ஆபீஸ்காரர்கள் பனியனோடு வண்டி முன்னால் நிற்பார்கள். நான் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு எழுத வந்தவன். எனக்கு இஸ்திரி சட்டை அவசியமே இல்லை. ஆனாலும் கசங்கின சட்டையோடு உட்கார்ந்தால் நகைச்சுவை வருவதில்லை.

அந்தத் தம்பதிக்கு ஒரு பையன். இருபது மாதம். அவன் வாசஸ்தலம் வண்டிக்கு அடியில். பழைய புடவையின் ஒரு முனை வண்டிக் காலில், மறு முனை அவன் இடுப்பில். கையில் அப்பாவின் செல்போன். அதற்குள் ஒரு மஞ்சள் வாத்து ஏதோ ஒரு பாஷையில் ஓயாமல் பாடிக்கொண்டிருக்கும். பையன் அழ மாட்டான், சிரிக்கவும் மாட்டான், பேசவும் மாட்டான். 'சமத்துப் பிள்ளை' என்று தெருவே சர்டிபிகேட் கொடுத்திருந்தது. நானும் அதில் கையெழுத்துப் போட்டவன்தான்.

இப்படி இருக்கையில் ஒருநாள் உலக சுகாதார நிறுவனம் 2019ல் சொன்னதைப் படித்துத் தொலைத்தேன். இரண்டு வயது நிரம்பும் வரை குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்கிறார்கள். அரைகுறையாகப் படித்தவன் சும்மா இருப்பானா? மூன்று பேண்ட்டை அள்ளிக்கொண்டு நேரே வண்டிக்குப் போனேன்.

"கொழந்தை கையில போன் குடுக்கக் கூடாதுப்பா. மூளை வளர்ச்சிக்கு ஆகாதாம்."

அவர் பெட்டியை நிறுத்தவில்லை. "தெரியும் சார்."

"தெரிஞ்சுமா குடுக்கறே?"

"போன மாசம் குடுக்காம வுட்டேன் சார். முடிச்சை அவுத்துக்கினு ரோட்டுக்கு ஓடிட்டான். ஆட்டோக்காரன் பிரேக் போட்டான், அதனால இருக்கான். ஒரு பேண்ட் போட ரெண்டு நிமிசம். நான் புள்ளையப் பாக்கறதா, பெட்டியப் பாக்கறதா?"

அதற்குமேல் நான் பேசவில்லை. மூன்று பேண்ட்டையும் வைத்துவிட்டு, வந்த வழியே திரும்பினேன். வாத்து மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

* * *

எங்கள் தெருவில் ஒரு அங்கன்வாடி இருக்கிறது. சுவரில் முயல், யானை, ஆங்கில ஏ-க்குப் பக்கத்தில் பூசணிக்காய் போல ஒரு ஆப்பிள். 'அங்கன்' என்றால் இந்தியில் முற்றம். 1975 அக்டோபர் 2ந் தேதி 33 வட்டாரங்களில் ஆரம்பித்த மத்திய அரசுத் திட்டம். தமிழ்நாட்டில் மட்டும் இன்று சுமார் 54,000 மையங்கள். 1982ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டுவந்ததிலிருந்து நம்மைப் பொறுத்தவரை இதெல்லாம் 'சோறு போடற இடம்'. அங்கே இருக்கும் டீச்சர் என்ன செய்கிறார் என்று கேட்டால் பாதிப் பேர் "முட்டை கணக்கு எழுதறாங்க" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அந்த டீச்சர் ஒருநாள் வண்டியடியில் பையனை நிற்க வைத்து உயரம் அளந்துகொண்டிருந்தார். என் கையில் சட்டை. வேடிக்கை பார்த்தேன்.

"வயசுக்கேத்த உயரம் இல்ல சார். எடை பரவால்ல, உயரம்தான் கோட்டுக்குக் கீழ இருக்கு" என்றார்.

இது ஏதோ அந்த வீட்டு விவகாரம் என்று நினைக்க வேண்டாம். 2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 சதவீதம் பேர் இப்படி வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். அகில இந்தியக் கணக்கு 35.5 சதவீதம். மற்ற மாநிலங்களைப் பார்த்து நாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். ஆனால் நாலில் ஒன்று என்பது காலரைத் தூக்குகிற சமாசாரமாக எனக்குப் படவில்லை. உயரம் மட்டும் குறைந்தால் பரவாயில்லை, குள்ளமாக இருந்து பெரிய ஆளானவர்கள் எத்தனையோ பேர். இந்த வயதில் உடம்பை வளரவிடாமல் பிடித்து இழுக்கிற அதே வறுமைதான் மூளையையும் பிடித்து இழுக்கிறது. இரண்டு வயதுக்குள் மூளை, பெரிய மனிதர் அளவில் முக்கால் பங்குக்கு மேல் வளர்ந்துவிடுகிறதாம். நமக்கு வளர வேண்டியது வளர்ந்து முடிந்த பிறகுதான் எல்.கே.ஜி. அட்மிஷனுக்கே வரிசையில் நிற்கிறோம்.

என் தர்ம சிந்தனை விழித்துக்கொண்டது. கடைக்குப் போய்ப் பெரிய சைஸ் பால் பவுடர் டப்பா ஒன்று வாங்கி, வண்டியில் வைத்தேன். "புள்ளைக்குக் குடுங்க" என்று ஒரு வள்ளல் போலச் சொல்லிவிட்டு நடந்தேன். நடை கொஞ்சம் கர்ணன் சாயலில் இருந்ததாகச் சகதர்மிணி பிற்பாடு சொன்னாள்.

அன்று ராத்திரிதான் ஜமைக்கா கதையைப் படித்தேன்.

* * *

ஜமைக்கா என்றால் நமக்கு கிரிக்கெட். தலைநகர் கிங்ஸ்டன், கோர்ட்னி வால்ஷ், கிறிஸ் கெய்ல் பிறந்த ஊர். அந்த ஊரின் ஏழைக் குடியிருப்புகளில் 1986-87ல் ஸாலி கிரந்தம்-மக்ரெகர் என்ற டாக்டரம்மாளும் அவர் குழுவும் வீடு வீடாகப் போனார்கள். ஒன்பது மாதத்திலிருந்து இருபத்து நான்கு மாதம் வரை, வயதுக்கேற்ற உயரமில்லாத 129 குழந்தைகளைச் சேர்த்தார்கள். சீட்டுக் குலுக்குவது போல நான்கு கோஷ்டியாகப் பிரித்தார்கள். ஒரு கோஷ்டிக்கு வாரம் ஒரு கிலோ பால் மாவு. இன்னொரு கோஷ்டிக்கு மாவு கிடையாது, வாரம் ஒரு மணி நேரம் ஒரு பெண்மணி வீட்டுக்கு வருவார். மூன்றாவதுக்கு இரண்டும். நான்காவதுக்கு இரண்டும் இல்லை. இப்படி இரண்டு வருஷம்.

அந்த ஒரு மணி நேரத்தில் வந்தவர் என்ன செய்தார்? ஊசி போடவில்லை. மாத்திரை கொடுக்கவில்லை. பெரிய படிப்புப் படித்தவரும் இல்லை, உள்ளூர் சுகாதாரப் பணியாளர், அவ்வளவுதான். காலி பிளாஸ்டிக் பாட்டில், அட்டைப் பெட்டி இதுகளில் செய்த விளையாட்டுச் சாமான்களைக் கொண்டுவருவார். தரையில் உட்கார்ந்து, அந்த அம்மாவையும் உட்கார வைத்து, குழந்தையோடு எப்படி விளையாடுவது, எப்படிப் பேசுவது என்று செய்து காட்டுவார். பிறகு அம்மா செய்வார். பிள்ளை ஏதாவது சாதித்தால் பிள்ளைக்கு சபாஷ். அம்மாவுக்கும் சபாஷ். கிளம்பும்போது சாமான்களை அங்கேயே வைத்துவிட்டு, அடுத்த வாரம் வேறு கொண்டுவந்து மாற்றிக்கொடுப்பார். லெண்டிங் லைப்ரரி மாதிரி.

நான் கவனித்த முக்கியமான விஷயம், அவர் வந்து திட்டவில்லை. 'போன் குடுக்கறியே, அறிவிருக்கா' என்ற தோரணையில் மூன்று பேண்ட்டோடு போகவில்லை.

இரண்டு வருஷம் முடிந்ததும் பார்த்தால், மாவு சாப்பிட்ட குழந்தைகளும் முன்னேறியிருந்தன, விளையாடிய குழந்தைகளும் முன்னேறியிருந்தன. இரண்டும் கிடைத்தவர்கள் இன்னும் மேலே. 1991ல் 'லான்செட்' பத்திரிகையில் வெளிவந்தது. இத்தோடு விட்டிருந்தால் ஆயிரத்தில் ஓர் ஆராய்ச்சி. இவர்கள் விடாக்கண்டர்கள். அதே பிள்ளைகளை வளர வளரத் தேடிப்பிடித்துக் கணக்கெடுத்தார்கள். மாவினால் வந்த முன்னேற்றம் காலப்போக்கில் கரைந்துவிட்டது. விளையாட்டினால் வந்தது நின்றது. இருபத்திரண்டு வயதில், அந்த ஒரு மணி நேரம் கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். 2014ல் 'சயின்ஸ்' பத்திரிகையில் இதை எழுதியவர்களில் ஒருவர் ஜேம்ஸ் ஹெக்மன், 2000ல் பொருளாதார நோபல் வாங்கியவர். முப்பத்தொரு வயதில் மறுபடி போய்ப் பார்த்தார்கள். சம்பள வித்தியாசம் 37 சதவீதம் ஆகியிருந்தது.

37 சதவீதம்! நான் வேலையில் இருந்தபோது கடைசியாக வாங்கிய இன்க்ரிமென்ட் 4 சதவீதம். அதற்கே மானேஜர் வீட்டு கிரகப்பிரவேசத்தில் பந்தி பரிமாறினேன்.

'129 பேரை வைத்துக்கொண்டு உலகத்துக்கே கணக்குப் போடலாமா?' என்று ஆடிட்டர் மூளை உள்ள வாசகர் கேட்பார். நியாயமான கேள்வி. அதனால்தான் இதே பாணியைப் பிற்பாடு வங்காள தேசத்திலும், கொலம்பியாவிலும், நம் ஒரிஸ்ஸா கட்டாக் நகரச் சேரிகளிலும் செய்து பார்த்தார்கள். அங்கெல்லாமும் குழந்தைகள் முன்னேறின. எல்லா ஊரிலும் ஜமைக்கா அளவுக்கு நிலைக்குமா என்று அந்தக் குழந்தைகள் சம்பாதிக்கிற வயதில்தான் பார்க்க முடியும்.

சாப்பாடு முக்கியமில்லை என்று சொல்வதாக யாரும் எடுத்துக்கொண்டு சண்டைக்கு வரவேண்டாம். வயிறு காய்ந்த பிள்ளை என்ன விளையாடும்? சாப்பாட்டோடு நின்றுவிடக் கூடாது என்பதுதான் விஷயம். டப்பா வாங்கி வைத்துவிட்டுக் கர்ணன் நடை நடக்கிறவர்கள், தயவுசெய்து திரும்பிப் பார்க்கவும்.

நான் பி.காம். எதைப் பார்த்தாலும் இடதுபக்கம், வலதுபக்கம் பிரித்தால்தான் தூக்கம் வரும். அன்று ராத்திரி பிரித்துப் பார்த்தேன். மேஜை, நாற்காலி வாங்கினால் சொத்து என்கிறோம், அது வருஷா வருஷம் தேய்மானம் ஆகிறது. இங்கே வாரம் ஒரு மணி நேரப் பேச்சு, முப்பது வருஷம் கழித்தும் வட்டி போட்டுக்கொண்டிருக்கிறது. இதை எந்தப் பத்தியில் எழுதுவது? கல்லூரியில் எங்களுக்கு அக்கவுண்டன்ஸி எடுத்த ஆசிரியர் இதைச் சொல்லித் தரவில்லை. தந்திருந்தாலும் நான் அன்றைக்கு மாட்னி ஷோவில் இருந்திருப்பேன்.

* * *

ஜமைக்கா கதையை டீச்சரிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"எங்களுக்கும் அதான் சார் சொல்றாங்க. மூணு வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைங்க வீட்டுக்குப் போய் அம்மாக்கள்ட்ட சொல்லணும். டிரெய்னிங்லாம் குடுக்கறாங்க" என்றார். மத்திய அரசும் 2024ல் 'நவசேதனா' என்று பெயர் வைத்து, பிறந்ததிலிருந்து மூன்று வயது வரை மாதவாரியாக என்ன விளையாட வைக்கலாம் என்று ஒரு வழிமுறை போட்டிருக்கிறது. "ஆனா எப்ப சார் போறது? எடை எடுக்கணும், அதை போன்ல ஏத்தணும், ரிஜிஸ்டர் எழுதணும், நடுவுல வாக்காளர் பட்டியல் வேலை வந்துடும்."

இவர்களுக்கு மத்திய அரசு தருவதற்குச் சம்பளம் என்று பெயர் கிடையாது, மதிப்பூதியம். பெயரிலாவது மதிப்பு இருக்கட்டும் என்று வைத்திருப்பார்கள். கிராச்சுவிட்டி உண்டு என்பதற்கே 2022ல் சுப்ரீம் கோர்ட் வரை போக வேண்டியிருந்தது. 37 சதவீதத்தை உண்டாக்குகிற உத்தியோகம்!

ஆனாலும் அந்த வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீச்சர் வண்டிக்கு வந்தார். கையில் ஒரு காலி சோடா பாட்டில். உள்ளே நாலு புளியங்கொட்டை. பையன் முன்னால் குலுக்கினார். வாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்கினான். பாட்டிலை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். அவன் எட்டிப் பார்த்தான். இருபது நாளாக அவனைப் பார்க்கிறேன், முகத்தில் ஒரு கேள்வி வந்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவன் அம்மா வெட்கப்பட்டுச் சிரித்தாள். "இதுகிட்ட இன்னாத்தப் பேசறது டீச்சர்? இதுக்கு இன்னா புரியும்?"

"நீ துணி மடிக்கிற இல்ல? மடிக்கும்போது பேசு. இது நீலச் சட்டை, இது வெள்ளைச் சட்டை. இது மாடி வீட்டு அக்காவோடது. தனியா நேரம் ஒதுக்க வேணாம்மா. வாய்தானே சும்மா இருக்கு?"

"பைத்தியம்னு நினைப்பாங்க."

"யாரு? இந்த சாரா?" என்று என்னைக் காட்டினார். "அவர் ஊருக்கே தனியாப் பேசிக்கிட்டிருக்கார், பத்திரிகையில."

என்னைப் பற்றி வந்த விமரிசனங்களிலேயே சுருக்கமானது இதுதான்.

அடுத்த விஷயம் அடி. ஒருநாள் பையன் இஸ்திரி போட்டு அடுக்கிய சட்டைகளைக் கீழே இருந்து ஒரு இழு இழுத்தான். பதினோரு சட்டை மண்ணில். அப்பா ஒரு அறை விட்டார். 'அடியாத மாடு படியாது' என்று கேட்டு வளர்ந்தவன் நான். என் அப்பா அந்தப் பழமொழியின் நடமாடும் உரை. பதினோரு சட்டை என்றால் நூறு ரூபாய்க்கு மேல் வேலை, மறுபடி துவைத்துத் தர வேண்டும். அந்தக் கோபத்தை மாடியில் நின்றுகொண்டு தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டீச்சரும் அவரைக் கோபிக்கவில்லை. "இழுக்கிற வயசு அண்ணே. இழுக்கறதுக்கு அவனுக்குன்னு ஏதாவது குடுங்க" என்றார். மறுநாள் ஒரு பழைய கூடை வந்தது. தெருவிலுள்ள கர்ச்சீப், சாக்ஸ் எல்லாம் பையன் டிபார்ட்மெண்ட். எடுப்பான், போடுவான், எடுப்பான். அதனால் நஷ்டம் இல்லை, சாக்ஸுக்கு யார் இஸ்திரி போடுகிறார்கள்?

எல்லாம் சுபம் என்று எழுத ஆசைதான். நடுவில் மூன்று வாரம் வண்டி வரவில்லை. வட்டிக்கு வாங்கின பணம், ஊரில் ஒரு சாவு, இப்படி ஏதோ. திரும்பி வந்தபோது பையன் கையில் மறுபடி போன். டீச்சர் வாக்காளர் பட்டியலோடு வேறு தெருவில் இருந்தார். ஆண்டவனே, இதற்குத்தானா என்று எனக்கு ஆயாசமாக இருந்தது. ஆனால் அவன் அம்மா, மடித்துக்கொண்டே, யாரும் சொல்லாமல் தானாகப் பேச ஆரம்பித்தாள். "இந்தா, இது பச்சை. இது யாருது? டாக்டர் வூட்டுது." குரல் சன்னமாக இருந்தது. வாத்துச் சத்தத்துக்கு மேலே கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்துப் பார்த்தேன். வாத்து நின்றிருந்தது. போன் அப்பா பாக்கெட்டில். எதிர்க் கடைக்காரர் ஒரு பழைய தடுப்புப் பலகை கொடுத்திருந்தார், ரோட்டுப் பக்கம் சாத்தி வைக்க. ஆட்டோ பயத்துக்கு அது போதும். இத்தனை நாளாக அந்தப் பலகை அந்தக் கடை வாசலில்தான் கிடந்தது, நான் தினமும் அதைத் தாண்டித்தான் போய் வந்தேன்.

என் வீட்டிலும் ஒருத்தி இருக்கிறாள், யு.கே.ஜி. பீரோ நிறைய பொம்மை. இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்தபோது "அப்பா, ஒரு கதை" என்று வந்தாள். "குழந்தைகளிடம் பேசுவதன் அவசியம் பற்றி அப்பா முக்கியமா எழுதிட்டிருக்கேன், தொந்தரவு பண்ணாதே" என்றேன். சகதர்மிணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கதை சொல்லப் போய்விட்டேன். கட்டுரை ஒருநாள் தாமதமானதற்கு ஆசிரியர் மன்னிக்க வேண்டும்.

நேற்றுக் காலை என் கட்டம் போட்ட சட்டையை வாங்க வண்டிக்குப் போனேன். அம்மா மாடிக்குப் போயிருந்தாள். பையன் கூடைக்குள் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்று, என் சட்டையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். விரலை நீட்டினான்.

"சாரு" என்றான். கொஞ்சம் யோசித்தான். "பட்டன்... இல்ல."

அப்பா பெட்டியை நிறுத்திவிட்டார். அவர் பெட்டியை நிறுத்தி நான் பார்த்ததே இல்லை. "இன்னாடா சொன்னே? இன்னொரு தபா சொல்லு" என்று வண்டிக்கடியில் குனிந்தார்.

நான் சட்டையைப் பார்த்தேன். மேலிருந்து மூன்றாவது. வாஸ்தவம்தான், இல்லை.